ஒருநாள் கோழிக்குஞ்சுகளின் பராமரிப்பு, அடையாளச்சீட்டு, விற்பனை விதிகள்: உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பொரித்த அன்றே தாயின்றிப் பயணப்படும் கோழிக்குஞ்சு இருபதாம் நூற்றாண்டின் விளைபொருள். அதனைக் காக்கும் விதிகள் இந்தியச் சட்டத்தில் 2001ஆம் ஆண்டிலேயே தெளிவான வடிவம் பெற்றன. பெட்டியின் அமைப்பு, பயணத்தின் வெப்பநிலை, பெட்டிமேல் ஒட்டவேண்டிய சீட்டு ஆகியவற்றை இவ்விதிகள் நுணுக்கமாக வரையறுக்கின்றன. எனினும் குஞ்சு பெட்டியிலிருந்து கூடைக்கு மாறிச் சில்லறையாக விற்கப்படும் இடத்தில் அடையாளச்சீட்டு மறைந்துவிடுகிறது. இந்த இடைவெளி தோன்றிய வரலாற்றை உத்திரமேரூர் வட்டாரத்தின் சிற்றூர்க் கோழி வளர்ப்பை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வட்டாரத்தின் பழைய விதி ஆவணங்கள் சிலவற்றோடு ஒப்பிட்டு, ஒரு விதி நிலைபெற அதனைக் காக்கும் உள்ளூர்ப் பொறுப்பு இன்றியமையாதது என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்

ஒருநாள் குஞ்சு, குஞ்சு பொரிப்பகம், அடையாளச்சீட்டு, விலங்குவதைத் தடுப்புச் சட்டம், புறக்கடைக் கோழி வளர்ப்பு, உத்திரமேரூர், வேடந்தாங்கல்

முன்னுரை

பறவைகளின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பிள்ளை என்பவற்றைத் தொல்காப்பிய மரபியல் குறிக்கிறது. கோழியின் பெண்பாலுக்கு அளகு என்னும் பெயரையும் அவ்வியல் தருகிறது. இன்றைய சிற்றூர் வழக்கில் குஞ்சு, வெடை, பெட்டை, சேவல், அடைக்கோழி எனப் பருவத்துக்கும் பாலுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஒரு பறவை எந்தப் பருவத்தது, எந்தப் பாலினது, எதற்குப் பயன்படுவது என்று பிரித்தறிந்து பெயரிடுவது தமிழ்ச் சமூகத்தின் நெடுங்கால நடைமுறை என்பதை இச்சொற்கள் காட்டுகின்றன.

ஆனால் இன்று தெருவில் கூவி விற்கப்படும் ஒருநாள் குஞ்சினை வாங்குபவர் அதன் பாலை அறியார், இனத்தை அறியார், பொரித்த இடத்தையும் நாளையும் அறியார். இச்செய்திகளுள் பல பொரிப்பகத்தில் அறியப்பட்டவையே. இடையில் அவை எங்கே, எவ்வாறு அறுபட்டன என்பதே இக்கட்டுரையின் வினா.

தாய்க்கோழியிலிருந்து பொரிப்பகத்துக்கு

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏரிப்பாசன ஊர்களில் கோழி வளர்ப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பாக இருந்துவந்துள்ளது. களத்தில் சிந்திய நெல்லும் தவிடும் கறையானும் புழுவும் தீனி; கவிழ்த்த கூடையோ பஞ்சாரமோ கூண்டு. முட்டைகளை அடையில் வைத்து 21 நாளில் குஞ்சு பொரிக்கச் செய்வர். இம்முறையில் குஞ்சு ஊருக்குள்ளேயே பிறந்து ஊருக்குள்ளேயே கைமாறியது. ஒருவர் கோழியை மற்றொருவர் வளர்த்து, பெருகியதைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரமுறையும் தமிழகச் சிற்றூர்களில் வழங்கியது. தாய்க்கோழியை வாங்குபவர் கண்ணாரக் காண்பதால் குஞ்சுக்குத் தனியே சான்று தேவைப்படவில்லை.

'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா' என்னும் பழமொழி தாய்க்கோழி உடனிருக்கும் உலகத்துக்குரியது. செயற்கைப் பொரிப்புக் கருவிகள் பெருகியபோது அவ்வுலகம் மாறியது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் தாயின்றிப் பொரிந்தன. அவற்றைத் தொலைவுக்கு அனுப்ப இயன்றதற்கு ஓர் உயிரியல் காரணம் உண்டு. பொரிவதற்குச் சற்று முன் முட்டையின் மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றினுள் இழுக்கப்படுகிறது. இதனால் ஏறத்தாழ 72 மணிநேரம்வரை குஞ்சு தீனியும் நீருமின்றி உயிர்தரிக்க இயலும். இவ்வியல்பை நம்பியே அமெரிக்க அஞ்சல்துறை 1918இல் ஒருநாள் குஞ்சுகளை அஞ்சல் பொதிகளாக ஏற்றுக்கொண்டது. காற்றுத்துளையிட்ட பெட்டியும் அதன்மேல் முகவரிச் சீட்டும் குஞ்சு வணிகத்தின் அடையாளமாயின.

1920களில் ஜப்பானில் உருவான மற்றொரு நுட்பமும் இவ்வரலாற்றில் முதன்மையானது. பொரித்த அன்றே குஞ்சின் கழிவாயைச் சோதித்துப் பால் பிரிக்கும் அம்முறை உலகெங்கும் பரவியது. முட்டைக்கோழி இனங்களில் சேவற்குஞ்சு முட்டையிடாது; கறிக்கோழியைப்போல விரைந்து எடை கூடுவதுமில்லை. எனவே பொரிப்பவற்றில் ஏறக்குறைய பாதி, பிறந்த அன்றே மிகையெனக் கருதப்படும் நிலை ஏற்பட்டது. பல நாடுகளில் இக்குஞ்சுகள் அன்றே கொல்லப்பட்டன. ஜெர்மனி 2022 முதல் இவ்வழக்கத்தைத் தடைசெய்தது. தமிழகத்தில் இவற்றில் ஒரு பகுதி இறைச்சிக்காக வளர்க்கப்படுகிறது. மற்றொரு பகுதி மலிவு விலையில் சில்லறை வணிகர் வழியே தெருவுக்கு வருகிறது.

நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கும் பல்லடம் வட்டாரக் கறிக்கோழிப் பண்ணைகளுக்கும் பெயர்பெற்ற மாநிலத்தில் ஒருநாள் குஞ்சு பெருவணிகப் பொருளாக மாறியது இயல்பே. பண்ணையாளருக்கு அனுப்பப்படும் குஞ்சின் இனம், பால், போட்ட தடுப்பூசி ஆகியவை தெரிந்திருக்கும். புறக்கடையில் பத்துக் குஞ்சு வளர்க்கும் பெண்ணுக்கு வருவது இதே வணிகத்தின் கடைசிக் கண்ணி. அங்கே இவற்றுள் எதுவும் வந்து சேர்வதில்லை.

சட்டத்தில் கோழி இடம்பெற்ற வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் 1890ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கவனம் பெரிதும் வண்டி மாடு, குதிரை போன்ற உழைக்கும் விலங்குகள்மீதும் நகர்ப்புறங்கள்மீதும் இருந்தது. விடுதலைக்குப்பின் மாநிலங்களவை நியமன உறுப்பினரான ருக்மிணிதேவி அருண்டேல் புதிய சட்டம் கோரித் தனிநபர் மசோதா கொணர்ந்தார். அரசு தானே சட்டமியற்ற உறுதியளித்ததன்பேரில் அது திரும்பப் பெறப்பட்டது. 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவராகவும் அவரே பொறுப்பேற்றார். அதன் தலைமையகம் 2018 வரை சென்னையிலேயே இயங்கியது. இந்தியாவின் விலங்குநலச் சட்ட வரலாற்றில் சென்னைக்குரிய இடம் இதனால் புலனாகிறது.

1960ஆம் ஆண்டுச் சட்டம் மனிதரல்லாத எல்லா உயிரினத்தையும் 'விலங்கு' என்னும் வரையறைக்குள் கொணர்ந்தது. ஆகவே கோழிக்குஞ்சு அன்றே சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. துன்பம் விளையும் வகையில் கொண்டுசெல்லுதல், பசி, தாகம், நெரிசல் ஆகியவற்றால் வருந்தும் விலங்கை விற்பனைக்கு வைத்தல் ஆகியன 11ஆம் பிரிவின்படி குற்றங்கள். ஆயினும் முதல் குற்றத்துக்கான தண்டம் 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாயில் முடிகிறது. 1960இல் பொருள்படைத்த இத்தொகை இன்று சில குஞ்சுகளின் விலையளவே ஆகும்.

பொதுவான பாதுகாப்புக்கும் குறிப்பான விதிக்கும் இடையே நீண்ட காலம் கழிந்தது. 1978ஆம் ஆண்டின் விலங்குகளைக் கொண்டுசெல்லும் விதிகள் நாய், பூனை, குரங்கு, மாடு, குதிரை, ஆடு ஆகியவற்றைப் பேசின. கோழியைப் பற்றி அவற்றில் தனி இயல் இல்லை. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தனி இயல்கள் சேர்க்கப்பட்டன. ஒருநாள் குஞ்சு என்னும் பிரிவு தனித்த விதிகளோடு அப்போதே இடம்பெற்றது.

2001ஆம் ஆண்டு விதிகளின் உள்ளடக்கம்

பராமரிப்பு, அடையாளம் ஆகிய இரண்டையும் இவ்விதிகள் பேசுகின்றன. பராமரிப்பைப் பொறுத்தவரை, குஞ்சுகளைப் பொரித்தவுடன் பெட்டியிலிட்டு அனுப்ப வேண்டும். பெட்டியில் தேக்கி வைத்தல் கூடாது. பயணத்துக்கு முன்னும் பயணத்தின்போதும் தீனியோ நீரோ தருதல் கூடாது. நேர்வெயில், மழை, வெப்பம் ஆகியவற்றிலிருந்து காக்க வேண்டும். குஞ்சுகள் மல்லாந்து விழாதபடி பெட்டியைச் சமமாகப் பிடித்துச் செல்ல வேண்டும். அதன்மேல் பிற சரக்கை ஏற்றுதல் கூடாது. பெட்டியின் அடிப்பகுதி கம்பிவலையாக இருத்தல் கூடாது. மூலைகளில் குஞ்சுகள் நெருக்கிக் குவியாதவாறு பெட்டியின் வடிவம் அமைய வேண்டும்.

தீனி தரலாகாது என்னும் விதி மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் கொடுமையாகத் தோன்றும். மஞ்சட்கருவின் இருப்பை அறிந்தே இது வகுக்கப்பட்டது. ஆனால் அந்த இருப்பு பயணத்துக்கு மட்டுமே போதுமானது. பெட்டியில் தேக்கலாகாது என்னும் விதியும் தீனி தரலாகாது என்னும் விதியும் ஒன்றையொன்று சார்ந்தவை. முன்னதை மீறிப் பின்னதை மட்டும் பின்பற்றினால் குஞ்சு பட்டினியால் மடியும்.

அடையாளத்தைப் பொறுத்தவரை, அனுப்புநர், பெறுநர் இருவரின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் பெட்டிமேல் தெளிவாக இருக்க வேண்டும். பயணத்தில் கவனம் வேண்டும் என்னும் அறிவுறுத்தலை மூடியிலோ பக்கத்திலோ அச்சிட வேண்டும். வண்டி வந்துசேரும் நேரத்தைப் பெறுநருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பெட்டி எவரிடமிருந்து எவரிடம் செல்கிறது என்பதே இச்சீட்டின் பொருள். பெட்டிக்குள் இருக்கும் குஞ்சு எவ்வினம், எப்பால், என்று பொரித்தது, எத்தடுப்பூசி பெற்றது ஆகியவற்றைச் சீட்டு சொல்ல வேண்டும் என்று விதி கேட்கவில்லை. அதாவது இது சரக்கைச் சேர்ப்பிப்பதற்கான சீட்டு. வாங்குபவருக்கான சீட்டு அன்று.

விதியும் வெப்பமும்

இவ்விதிகளில் ஓர் அகமுரணும் உள்ளது. வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்கு மேற்பட்டாலோ 15 பாகைக்குக் கீழ்ப்பட்டாலோ கோழிகளைக் கொண்டுசெல்லுதல் கூடாது என்று பொதுவிதி கூறுகிறது. கோழிகள் என்னும் வரையறைக்குள் ஒருநாள் குஞ்சும் அடங்கும். உத்திரமேரூர் போன்ற வடதமிழகச் சமவெளியில் பகல் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதி 25 பாகையைத் தாண்டும்; கோடையில் பல இரவுகளும் அவ்வாறே. விதியை எழுத்துப்படி கொண்டால் இவ்வட்டாரத்தில் கோடைக்காலக் குஞ்சு வணிகமே சட்டப்புறம்பானது.

மறுபுறம், முதல் வாரக் குஞ்சுக்கு வேண்டிய அடைகாப்பு வெப்பம் ஏறத்தாழ 35 பாகை. வாரந்தோறும் ஏறத்தாழ 3 பாகை குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்பது கோழியியலின் அடிப்படைப் பாடம். வளர்ந்த கோழிக்குக் கேடாகும் வெப்பமும் ஒருநாள் குஞ்சுக்கு வேண்டிய வெப்பமும் வேறுவேறு. இரண்டையும் ஒரே எண்ணால் அளந்த விதி, சமவெளி நடைமுறையில் பின்பற்றப்படாமல் போவதற்கான காரணத்தைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. பின்பற்ற இயலாத ஒரு விதி அதனோடு சேர்ந்துள்ள பின்பற்றத்தக்க விதிகளின் மதிப்பையும் குறைத்துவிடுகிறது. பெட்டியின்மேல் சுமை ஏற்றாமையும் வெயிலில் வைக்காமையும் எவராலும் கடைப்பிடிக்கத்தக்கவை என்பது இங்குக் கருதத்தக்கது.

விற்பனை: சீட்டு மறையும் இடம்

பெட்டி உரிய ஊரில் இறங்கியபின் குஞ்சுகள் கூடைக்கோ அட்டைப்பெட்டிக்கோ மாற்றப்பட்டு, மிதிவண்டியிலும் இருசக்கர வண்டியிலும் தெருக்களுக்குச் செல்கின்றன. சந்தையிலும் திருவிழாக் கடைகளிலும் இடம்பெறுகின்றன. குழந்தைகளைக் கவர இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் எனச் சாயம் ஏற்றப்பட்ட 'கலர் கோழிக்குஞ்சு' இவ்வணிகத்தின் பழகிய முகம். சாயமேறிய தூவி சில வாரங்களில் உதிர்ந்து இயல்பான இறகு முளைக்கும். அதுவரை உயிரோடிருக்கும் குஞ்சு பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் என்பது அப்போதுதான் வாங்கியவருக்குத் தெரியவரும்.

சாயம் விளையாட்டுப் பொருளாக்குவதோடு மட்டும் நிற்பதில்லை. தூவியின் இயல்பான நிறம் இனத்தை ஓரளவேனும் காட்டும் குறி. சாயம் அக்குறியையும் அழித்துவிடுகிறது. சீட்டு இல்லாத இடத்தில் எஞ்சியிருந்த ஒரே அடையாளமும் இவ்வாறு போய்விடுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் குஞ்சுகளுக்குச் சாயமேற்றி விற்பதையும், மிகக் குறைந்த எண்ணிக்கையில் விற்பதையும் தனிச் சட்டங்களால் கட்டுப்படுத்தியுள்ளன. ஒன்றிரண்டாக வாங்கப்படும் குஞ்சு வளர்ப்புக்கு அன்றி விளையாட்டுக்கே செல்லும் என்பது பின்னதன் அடிப்படை.

ஏமாற்றத்தின் சுமை குழந்தைகளோடு முடிவதில்லை. நாட்டுக்கோழி என நம்பிச் சிறுதொகை முதலிடும் பெண் ஆறு மாதம் தீனியிட்டு முட்டைக்குக் காத்திருக்கிறாள். நந்தனம் கோழி, வனராஜா போன்று ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கிய வண்ண இறகுடைய இனங்களும் புறக்கடை வளர்ப்புக்கு உரியவை; ஆயினும் அவற்றின் தீனித்தேவையும் அடைகாக்கும் இயல்பும் நாட்டுக்கோழியினின்று வேறுபடும். ஒருநாள் பருவத்தில் இவற்றைக் கண்ணால் பிரித்தறிதல் அரிது. சீட்டு ஒன்றே வழி.

நோய்த்தடுப்பும் இதனோடு பிணைந்தது. 1927இல் இமயமலைச் சாரலின் ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்ற நோய், தமிழகத்தில் வெள்ளைக்கழிச்சல் என அறியப்படுகிறது. இதற்குரிய முதல் சொட்டு மருந்து குஞ்சின் முதல் வாரத்தில் தரப்பட வேண்டும். பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவாரத் தடுப்பூசி முகாம்கள் வளர்ந்த கோழிகளுக்குப் பயன்படுவன. பொரித்த நாள் தெரியாத குஞ்சுக்கு முதல் வாரம் எது என்று எவரும் கூற இயலாது. 2006இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் வெளிப்பட்டபின், நோயின் மூலத்தைத் தொடர்ந்து கண்டறிய வேண்டிய தேவை நாடு முழுவதும் உணரப்பட்டது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 2009இல் வந்தது. முகவரியற்ற குஞ்சு அத்தேடலை முதற்படியிலேயே நிறுத்திவிடும்.

இவ்விடத்தில் 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தோடு ஒப்பிடுவது பயனளிக்கும். அறிவிக்கப்பட்ட இரகத்தின் விதைநெல்லை உத்திரமேரூர் உழவர் ஒருவர் வாங்கும்போது, இரகம், முளைப்புத்திறன், தூய்மை ஆகியவை குறித்த சீட்டு மூட்டையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதே உழவரின் வீட்டுப் பெண் வாங்கும் குஞ்சுக்கு இத்தகைய சீட்டு எதுவும் வேண்டப்படவில்லை. வயலுக்குரிய முதலீடு உற்பத்தியாகவும் புறக்கடைக்குரிய முதலீடு வீட்டுவேலையின் நீட்சியாகவும் கருதப்பட்டதன் தடம் இவ்வேறுபாட்டில் தெரிகிறது.

சட்டத்தில் வழியே இல்லை என்று கூறிவிட முடியாது. வருணனை கூறி விற்கப்படும் பொருள் அவ்வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15ஆம் பிரிவில் கூறுகிறது. 'நாட்டுக்கோழிக் குஞ்சு' என்பதும் ஒரு வருணனையே. ஆனால் பற்றுச்சீட்டும் முகவரியும் இல்லாத விற்பனையில் எவர்மீது வழக்குத் தொடுப்பது? வளர்ப்புப் பிராணிக் கடைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகள் பதிவைக் கட்டாயமாக்கின. நிலையான கடையை மனத்தில் கொண்ட அவ்விதிகள் நகரும் வணிகரை எளிதில் எட்டுவதில்லை. முட்டைக்கோழி, கறிக்கோழிகளைக் கொண்டுசெல்லுதலும் பேணுதலும் குறித்து இந்திய சட்ட ஆணையம் 2017 ஜூலையில் அளித்த 269ஆம் அறிக்கையும் பண்ணைகளையே மையமாகக் கொண்டது.

வட்டாரத்தின் விதி மரபு

எழுதப்பட்ட விதிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் உத்திரமேரூர். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகள், ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் என அமைந்த அந்த ஆட்சியில் ஒவ்வொரு பொருளுக்கும் அதனைக் கண்காணிக்கும் குழு இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தெரிவு பெறத் தகுதியற்றவராயினர். இச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணருக்கே உரியது. ஊரின் பெரும்பாலோருக்கு அதில் இடமில்லை. இவ்வரம்பை ஏற்றுக்கொண்டே ஒன்றைக் கருதலாம்: பொருளின் தரத்தையும் பொதுச்சொத்தின் காவலையும் தொலைவிலுள்ள அரசிடம் விடாது ஊரளவிலேயே பொறுப்பாக்கியது அம்முறை.

இரண்டாவது சான்று அருகிலுள்ள வேடந்தாங்கல். ஏரியில் கூடுகட்டும் பறவைகளைப் படைவீரர் சுட்டதால் ஊரார் முறையிட, செங்கல்பட்டுப் பகுதியின் ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் 1798இல் ஊராருக்குப் பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை ஊரார் அறிந்திருந்தனர். கூட்டிலுள்ள குஞ்சின் நலமும் வயலின் விளைவும் ஒன்றாயிருந்தமையால் அந்த விதிக்கு ஊரே காவலாயிற்று.

இவ்விரு சான்றுகளையும் 2001ஆம் ஆண்டு விதிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். முன்னவற்றில் விதியால் பயன்பெறுவோரும் விதியைக் கண்காணிப்போரும் ஒரே இடத்தில் இருந்தனர். பின்னதில் விதி தில்லியில் எழுதப்பட்டது. அதன் கண்காணிப்பு நெடுஞ்சாலையோடும் தொடர்வண்டி நிலையத்தோடும் நின்றது. பயன்பெற வேண்டிய சிற்றூர்ப் பெண்ணுக்கு அதில் இடமில்லை.

சந்தையும் ஊராட்சியும்

இடைவெளியை நிரப்புதற்குப் புதிய அமைப்பு தேவையில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சந்தைகளை ஏற்படுத்தவும் உரிமம் வழங்கவும் கட்டணம் பெறவும் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் அளிக்கிறது. சந்தைக் கட்டணம் குத்தகைக்கு விடப்படும்போது குத்தகை நிபந்தனைகளும் எழுதப்படுகின்றன. குஞ்சு விற்பவர் பொரிப்பகத்தின் பெயர், பொரித்த நாள், இனம், பால், போட்ட தடுப்பூசி ஆகிய ஐந்து செய்திகளைத் தமிழில் எழுதிக் கூடையில் தொங்கவிட வேண்டும் என்பதையும், சாயமேற்றிய குஞ்சுக்கு இடமில்லை என்பதையும் அந்நிபந்தனைகளில் சேர்க்க இயலும். பொரிப்பகம் ஏற்கெனவே அறிந்த செய்திகள் இவை. புதிதாகச் சோதிக்க வேண்டியது எதுவுமில்லை.

உள்ளூர்க் கால்நடை மருந்தகமும் இதில் பங்கேற்கத்தக்கது. கால்நடை அறிவியலில் இப்பகுதிக்கு வலுவான பின்புலம் உண்டு. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து 2019 பிரிவினைக்குப்பின் செங்கல்பட்டு மாவட்டத்துக்குரியதாகிய காட்டுப்பாக்கம் ஆய்வு நிலையமும் அருகிலேயே உள்ளன. அறிவின்மையால் இவ்விடைவெளி தோன்றவில்லை; அறிந்ததை வாங்குபவரிடம் சேர்க்கும் கடமை எவருக்கும் விதிக்கப்படாமையால் தோன்றியது.

முடிவுரை

தாய்க்கோழியோடு கைமாறிய குஞ்சுக்குச் சீட்டு வேண்டியிருக்கவில்லை. பொரிப்பகம் தாயைப் பிரித்தபோது, தாய் தந்த வெப்பத்தையும் காவலையும் அடையாளத்தையும் விதி தரவேண்டியதாயிற்று. 2001ஆம் ஆண்டு விதிகள் காவலைப் பயணத்தின் அளவுக்குத் தந்தன. வெப்பத்தைத் தவறான எண்ணால் அளந்தன. அடையாளத்தைப் பெட்டியோடு நிறுத்தின. 10 ரூபாயில் தொடங்கும் தண்டம் இக்குறைகளை ஈடுசெய்யப் போதாது.

ஒருநாள் குஞ்சுக்கெனத் தனி வெப்ப வரையறை, விற்பனை முடியும்வரை தொடரும் சீட்டு, சாயத்துக்குத் தடை, ஊரளவில் கண்காணிப்பு ஆகிய நான்கும் இவ்வாய்விலிருந்து பெறப்படும் முடிவுகள். இவற்றுள் முதலாவது மட்டுமே நடுவண் அரசின் திருத்தத்தை வேண்டி நிற்கிறது. ஏனைய மூன்றையும் ஒரு சந்தையின் குத்தகை நிபந்தனையிலேயே தொடங்கலாம். உத்திரமேரூர் வட்டாரச் சந்தைகளில் குஞ்சு விற்பனையின் அளவு, உயிரிழப்பு, வாங்குவோரின் பட்டறிவு ஆகியவற்றைக் களஆய்வின் வழித் தொகுப்பது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.